கொம்பு ஓணானுக்கு எது ஊர்?

பல ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. முதல் நாள் வெளியான சிறு செய்தி ஒன்றைப் பற்றியது. மலைநாட்டுக் காட்டில் பிடித்த ஊர்வனவற்றைப் பயணப் பையில் மறைத்துக்கொண்டு நாட்டை விட்டுப் புறப்பட முயன்ற வெளிநாட்டவர் அகப்பட்ட செய்தி. ஆங்கிலத்தில் 'லிசார்ட்' என்று வந்திருந்ததை, அச்சுக்குப் போகும் அவசரத்தில், எங்கள் மேசையில் 'பல்லி' என்று மாற்றித் தலைப்பிட்டு, கையில் கிடைத்த ஒரு படத்தையும் போட்டிருந்தோம். அழைத்தவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். குரலிலேயே யாழ்ப்பாணம் தெரிந்தது.

"தம்பி, பல்லி வேறை, ஓணான் வேறை. நீங்கள் போட்ட படத்திலை இருக்கிறது ஓணான். மூக்கிலை கொம்பும் நிக்குது. பாக்கேல்லையோ?"

"பிழைதான் மாஸ்டர். நாளைக்குத் திருத்தம் போடுறம்."

"திருத்தம் கிடக்கட்டும். உதை எந்த இடத்திலை பிடிச்சவங்கள் எண்டு கேட்டு எழுதுங்கோ. இடம் தெரியாமல் அது என்ன ஓணான் எண்டு ஒருத்தராலும் சொல்லேலாது."

திருத்தம் வெளியானது. இடம் வெளியாகவில்லை, ஏனெனில் பொலிஸ் அறிக்கையில் அது இருக்கவில்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் என்னை விட்டு அகலவில்லை. கலைப்பிரிவில் படித்த எனக்கு விலங்கியலுடன் உறவு எதுவும் கிடையாது. ஆயினும் ஒரு பிராணியை அடையாளம் காண அதன் உடம்பைப் பார்த்தால் போதாதா, ஊரையும் ஏன் கேட்கவேண்டும் என்ற கேள்வியின் பின்னால் போனபோது, இலங்கைத் தீவின் கடந்த இருநூறு ஆண்டு வரலாற்றின் ஒரு துண்டு கையில் அகப்பட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்கணக்கு. ஆங்கிலத்தில் 'லிசார்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்குகிறவற்றை நமது முன்னோர் பல்லி, ஓணான், அரணை, உடும்பு என்று நான்காகப் பிரித்துவைத்தனர். இன்றைய விலங்கியலாளர் குடும்பங்களாகப் பிரிப்பதும் ஏறத்தாழ அதே வழியில்தான். 'வேலிக்கு ஓணான் சாட்சி' என்று பழமொழியும் வைத்திருக்கிறோம். ஆனால் நமது வேலி ஓணான் வெயிலில் வாழ்வது. இங்கே பேசப்போவது மழைக்காட்டின் ஈர இருட்டில், தரைச் சருகுக்கும் முழங்கால் உயரச் செடிக்கும் இடையில் வாழுகின்ற ஓணான்களைப் பற்றி. சிங்களத்தில் இவற்றை 'அங் கட்டுஸ்ஸா' என்பார்கள். கொம்பு ஓணான் என்பதே பொருள். விஞ்ஞானப் பெயர் செரட்டோபோரா. கிரேக்க மொழியில் 'கொம்பு தாங்கி'. உலகில் வேறெங்கும் இவை இல்லை. இலங்கையின் ஈரவலயக் காடுகளிலும் அவற்றை ஒட்டிய மலைகளிலும் மாத்திரமே உண்டு.

இவற்றுள் மிகச் சிறியவற்றில் ஒன்று அஸ்பெரா. இலத்தீனில் 'சொரசொரப்பானது' என்று பொருள். சிங்களவர் 'ரலு' என்று சொல்வதும் அதையே. வாலை விட்டுப் பார்த்தால் உடம்பு மூன்றரைச் சென்ரிமீற்றர் அளவில்தான், பெருவிரலின் நீளத்துக்குக் கிட்ட. காய்ந்த சருகின் நிறம். ஓடித் தப்புவதைவிட அசையாமல் இருந்து தப்புவதையே நம்புகின்ற பிராணி. வேலி ஓணானுக்கு வெளியே தெரிகின்ற காதுச் சவ்வு இதற்குத் தோலின் கீழ் மறைந்திருக்கும். மூக்கு நுனியில் சிறு செதில்கள் பல சேர்ந்து மூடிய உருளை வடிவக் கொம்பு. இது ஆணுக்கு. பெண்ணில் அந்தக் கொம்பு மிகக் குட்டையாக இருக்கும், அல்லது இல்லாமலே போய்விடும். ஆகவே கொம்பை மட்டும் வைத்து அடையாளம் காணப் புறப்பட்டவர் பாதி வழியிலேயே தடுமாறுவார்.

கொம்பு ஓணான் ஐரோப்பிய விஞ்ஞானத்துக்கு அறிமுகமானது 1834 - 35 காலப்பகுதியில். பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த ஜோன் எட்வர்ட் கிரே, செரட்டோபோரா ஸ்டொடார்டீ என்ற பெயரில் முதலாவது இனத்தை வெளியிட்டார். அதன் கொம்பு கூரியது, வெண்மையானது; ஒரே ஒரு செதில் நீண்டு உருவானது. நுவரெலியா, ஹக்கல, ஹோட்டன் சமவெளி முதலிய மத்திய மலைநாட்டின் உயர் காடுகளே அதன் வாழிடம். கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் வீழ்ந்தது 1815இல். கொழும்பு - கண்டி வீதி அமைந்தது 1820களில். நுவரெலியாவில் படையினருக்கான ஓய்விடம் தொடங்கியது 1829இல். பாதை திறந்து சில ஆண்டுகளுக்குள் மலையின் ஓணான் லண்டனின் சாராயப் போத்தலுக்குள் போய்ச் சேர்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து வந்தவர்களில் ஒருவரை மறக்கக்கூடாது. எட்வர்ட் பிரெட்ரிக் கெலார்ட். கொழும்பில் 1819இல் பிறந்த பறங்கியர், இராணுவ வைத்தியர். இலங்கையின் விலங்குகளைப் பற்றி இந்த மண்ணில் பிறந்த ஒருவர் எழுதிய முதல் விரிவான நூல் 1852இல் வெளிவந்த அவருடையதே. நுவரெலியாவில் பணியாற்றியபோது மலைநாட்டு உயிரினங்களை நேரில் கண்டு எழுதினார். பின்னாளில் முத்துச் சிப்பியை ஆராயும் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1860இல், நாற்பது வயதளவில், இறந்துபோனார். அவர் இன்னும் இருபது ஆண்டுகள் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் பிற்பகுதி வேறு விதமாக அமைந்திருக்கும் என்று எண்ணுவதுண்டு. காட்டைப் பார்த்து எழுதியவர் அவர். அவருக்குப் பின் இனங்களுக்குப் பெயரிட்டவர்களோ போத்தலைப் பார்த்து எழுதியவர்கள்.

1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். இலங்கையைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலைத் தமிழ் வாசகர் பலர் யாழ்ப்பாணம் பற்றிய குறிப்புகளுக்காகப் புரட்டியிருப்பார்கள். இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி 1861இல் அவர் வெளியிட்ட தனி நூலில், இலை போன்று பக்கவாட்டில் தட்டையான மூக்கையுடைய இரண்டாவது கொம்பு ஓணான் அவருடைய பெயரோடு அறிமுகமானது. பெயரிட்டவர்களில் முக்கியமானவர் ஜேர்மனியில் பிறந்து லண்டன் நூதனசாலைக்கு வந்த அல்பேர்ட் குந்தர். மூன்றே ஆண்டுகளில், 1864இல், பிரித்தானிய இந்தியாவின் ஊர்வன பற்றிய தமது பெருநூலில் அவர் மூன்றாவதையும் சேர்த்தார். அதுவே அஸ்பெரா.

ஆக, முப்பது ஆண்டுகளில் மூன்று இனங்கள். வர்ணனைகள் துல்லியமானவை, செதில்களை எண்ணுவதில் அவர்களுக்கு நிகர் அவர்களே. ஆனால் அக்காலத்து நூதனசாலைச் சிட்டைகளில் பிடிபட்ட இடம் என்ற பகுதியில் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்தான் இருக்கும்: 'சிலோன்'. எந்த மலை, எந்த உயரம், காட்டின் உள்ளா விளிம்பா, ஒன்றும் இராது. லண்டனில் இருந்து பார்த்தால் இத்தீவு ஒரு புள்ளி. புள்ளிக்குள் வேறு புள்ளிகள் இருக்கக்கூடும் என்று எவருக்கும் படவில்லை.

அந்த முப்பது ஆண்டுகளில் மலையில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுக்குரியதாக்கியது. அரசு அதைக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்றது. காடு வீழ்த்தப்பட்ட முறையைப் படித்தால் மனம் நடுங்கும். மலைச்சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு மட்டும் வெட்டிக்கொண்டு போவார்கள். எல்லாம் நின்றபடியே நிற்கும். கடைசியில் உச்சியில் உள்ள பெருமரங்களை முழுதாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை விழுந்து கீழுள்ளவற்றைத் தள்ள, அவை இன்னும் கீழுள்ளவற்றைத் தள்ள, சரிவு முழுவதும் ஒரே இரைச்சலில் படுத்துவிடும். சில வாரங்கள் காயவிட்டுத் தீ மூட்டுவார்கள். காடு வெட்டிய கைகளில் அயற்கிராமத்துச் சிங்களவரின் கைகளும் இருந்தன, கடல் கடந்து நடந்து வந்த நமது தமிழகத்துத் தொழிலாளரின் கைகளும் இருந்தன. வழியிலும் லயங்களிலும் மாண்ட அந்த மக்களின் கணக்கே சரிவர எழுதப்படவில்லை. சருகுக்குள் எரிந்த ஓணானின் கணக்கை எவர் எழுதுவார்? 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையின் துரு நோய் முதலில் அறியப்பட்டது. அதன் பிறகும் சில காலம் கோப்பி விரிந்து, 1870களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரை எட்டி, பின்னர் சரிந்தது. வெளித்த நிலத்தைத் தேயிலை எடுத்துக்கொண்டது. மூன்று கொம்பு ஓணான்களுக்கும் பெயர் கிடைத்ததும் அவற்றின் காடு போனதும் ஒரே தலைமுறையின் வேலைகள்.

இதன் பின் நீண்டதொரு மௌனம். நூல்கள் வராமல் இல்லை. பூலஞ்சே 1890இல் எழுதினார். சீயத்து அரச குடும்பத்துக்கு வைத்தியராக இருந்த மல்கம் சிமித் 1935இல் எழுதினார். கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி.ஈ.பி. தெரணியகல 1953இல் வண்ணப்படங்களுடன் பெருநூல் வெளியிட்டார். ஆயினும் கொம்பு ஓணான் இனம் எத்தனை என்று கேட்டால் 1864 முதல் 1998 வரை, 134 ஆண்டுகள், விடை மூன்றுதான்.

இந்த விடை ஏன் மாறியது என்பதை விளங்கிக்கொள்ள நிலப்படத்தை விரிக்கவேண்டும். இலங்கையின் மலைகளை நாம் 'மலைநாடு' என்று ஒரே சொல்லில் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அவை மூன்று. நடுவில் நுவரெலியா, ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாத மலை அடங்கிய பெருந்தொகுதி. வடகிழக்கே, மகாவலியின் தும்பறைப் பள்ளத்தாக்கு பிரித்துவைத்த நக்கிள்ஸ் மலைத்தொகுதி. தெற்கே, சிங்கராஜ வனத்தின் கிழக்கு அயலாக, தாழ்நிலம் சூழத் தனியே நிற்கும் இறக்குவானை மலைகள். குளிரான ஈரக் காட்டிலன்றி வாழமுடியாத பெருவிரல் நீளப் பிராணிக்கு இடையிலுள்ள வெப்பமான பள்ளத்தாக்கு ஒரு கடல். அதனால் அதைத் தாண்ட இயலாது. ஒவ்வொரு மலையும் அதற்கு ஒரு தீவு. டெனன்டின் பெயரைத் தாங்கிய இலைமூக்கு ஓணான் நக்கிள்ஸில் மட்டுமே உண்டு. அங்கே ஏலச்செடியின் நிழலிலும் வாழ்கிறது. ஸ்டொடார்டின் பெயருடையது நடு மலையில். அஸ்பெரா ஏறத்தாழ 900 மீற்றருக்குக் கீழே, சிங்கராஜ, கன்னெலிய போன்ற தாழ்நில மழைக்காடுகளில். இறக்குவானையில் மட்டும் கதிரை வெறுமையாகக் கிடந்தது. எவரும் அங்கு ஒழுங்காகத் தேடவில்லை.

1990களில் ரோஹான் பெத்தியாகொட தொடங்கிய வனஜீவி மரபுரிமை நம்பிக்கை நிதியத்தின் ஆய்வாளர்கள் தீவின் ஈரவலயக் காடுகளை மலை மலையாக, ஓடை ஓடையாகத் தேடினார்கள். தவளைகளில் அவர்கள் கண்டவை உலகச் செய்தியாயின. ஓணான்களிலும் பலன் இருந்தது. இறக்குவானை மலையின் மோர்னிங்சைட் பகுதியில் ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் இரண்டு புதிய கொம்பு ஓணான்கள். 1998இல் பெத்தியாகொடவும் கெலும் மானமேந்திர ஆராச்சியும் முழுப் பேரினத்தையும் மீளாய்வு செய்து அவற்றை வெளியிட்டனர். ஒன்று எர்டெலெனி, ஜேர்மன் விலங்கியலாளர் ஒருவரின் பெயரில். கொம்பு இல்லாத கொம்பு ஓணான் என்றே அதைச் சொல்லலாம். மற்றது காரு, நூதனசாலையில் காலமெல்லாம் உழைத்த கருணாரத்ன என்னும் இயற்கையியலாளரின் நினைவாக. இது அஸ்பெராவைப் போன்றே சிறியது, கொம்பும் சிறியது. சிட்டையில் 'சிலோன்' என்று மட்டும் எழுதி இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் போத்தலில் வைத்தால் பதறாமல் பிரித்துச் சொல்லக்கூடியவர் உலகில் சிலரே இருப்பர். இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மாஸ்டர் சொன்னது இதைத்தான்.

2002இல் மரபணு ஆய்வு இன்னொரு வியப்பைத் தந்தது. மூன்று பழைய இனங்களின் கொம்புகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த சொத்தாகத் தெரியவில்லை. தனித்தனியே தோன்றியவையாகவே காணப்படுகின்றன. கிரேயும் குந்தரும் எந்த உறுப்பை வைத்து இவற்றை ஒரு கூட்டமாகச் சேர்த்தார்களோ அந்த உறுப்புத்தான் உறவைப் பற்றி மிகக் குறைவாகப் பேசுகிறது.

இதே கதை இவற்றின் உறவினமான குறு ஓணானிலும் நடந்தது. கொஃபோட்டிஸ் என்னும் அது முட்டையிடாமல் குட்டி ஈனுவது. வாலால் கிளையைச் சுற்றிப் பிடிப்பது. 1861இல் பெர்லினின் பீட்டர்ஸ் பெயரிட்டபின் நீண்ட காலம் ஒரே இனம் என்றே கருதப்பட்டது. 2006இல் நக்கிள்ஸில் வாழ்வது வேறு இனம் என்று இரண்டு குழுக்கள் ஒரே ஆண்டில் தனித்தனியே அறிவித்தன. இரண்டும் தும்பறையின் பெயரையே வைத்தன. ஒன்று தும்பர, மற்றது தும்பரே. பெயரிடும் விதிப்படி முந்தியது நிலைத்தது. நூற்று நாற்பது ஆண்டுகள் எவரும் கவனிக்காத பிராணிக்கு ஒரே ஆண்டில் இரண்டு தொட்டில்! பத்திரிகைத் தொழிலில் 'முந்திக்கொண்ட செய்தி' என்பதை அறிந்தவனுக்கு இதில் சிரிப்பும் வரும், கொஞ்சம் அனுதாபமும் வரும்.

பின்னர் 2020இல் அஸ்பெராவின் முறை வந்தது. குந்தர் ஒன்றாகக் கண்ட தாழ்நிலக் கொம்பு ஓணானுக்குள் இரண்டு இனங்கள் இருப்பதாக இலங்கை ஆய்வாளரும் ரஷ்ய ஆய்வாளரும் சேர்ந்த குழு உருவ அளவைகளையும் மரபணுவையும் கொண்டு காட்டியது. புதியதற்கு உக்குவெலாய் என்று பெயர். ஆறாவது கொம்பு ஓணான். இதில் ஆறுதலைவிட அச்சமே எனக்கு அதிகம் தெரிகிறது. தாழ்நில மழைக்காடு இன்று தொடர்ச்சியாக இல்லை; தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது. 1970களில் சிங்கராஜவையே ஒட்டுப்பலகைக்காக இயந்திரம் கொண்டு வெட்டினார்கள். பலத்த எதிர்ப்பின் பின் 1977இல் அது நிறுத்தப்பட்டது. பரந்து வாழும் ஓர் இனம் என்று எண்ணியதை இரண்டாகப் பிரித்தால், ஒவ்வொன்றின் பங்குக்கும் வருகின்ற காடு முன்னர் எண்ணியதிலும் குறைவு.

இனி, தொடக்கத்தில் சொன்ன பயணப் பைக்கு வருகிறேன். கொம்பு ஓணான்கள் ஐரோப்பிய வளர்ப்புப் பிராணிச் சந்தையில் விலைபோகத் தொடங்கியதை அடுத்து, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் பட்டியலில் அவற்றைச் சேர்க்குமாறு இலங்கை கோரியது. அந்த மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடப்பதாக இருந்தது. ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின் அது ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டு ஓகஸ்டில் கூடியது. காரு, எர்டெலெனி, நக்கிள்ஸின் இலைமூக்கு ஓணான் ஆகியவை முதலாம் பின்னிணைப்பில் சேர்ந்தன; வணிகத்துக்கு முற்றான தடை. அஸ்பெராவும் ஸ்டொடார்டீயும் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்ந்தன. காட்டில் பிடித்தவற்றின் வணிக ஏற்றுமதிக்கு ஒதுக்கீடு பூச்சியம். சட்டம் பெயரைக் கொண்டு நடப்பது. அந்தப் பட்டியலை எழுதிய நாளில் உக்குவெலாய் என்ற பெயரே உலகில் இல்லை.

பெயர் இல்லாவிட்டால் சட்டம் காக்காது. பெயரோடு இடத்தையும் வெளியிட்டால் கள்வன் வருவான். சீனாவில் 1999இல் விவரிக்கப்பட்ட அழகான குகைப் பல்லி ஒன்று, கோனியூரோசோரஸ் லூயீ, பெயர் பெற்ற இடத்திலேயே சேகரிப்போரால் வழித்துத் துடைக்கப்பட்டது. 2017இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் இரு அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள், அரிய உயிரினங்களின் துல்லியமான இடத்தை வெளியிடாதீர்கள் என்றே எழுதினார்கள். எதிர்த்து எழுதியவர்களும் உண்டு: இடம் தெரியாவிட்டால் எந்தக் காட்டைக் காப்பது, எந்த வீதியைத் தடுப்பது என்று அவர்கள் கேட்டார்கள். இருபக்க நியாயத்தையும் படித்தேன். பத்திரிகையாளன் என்ற முறையில், இடத்தை மறைப்பது என் கைக்குப் பழக்கமில்லாத வேலை. யார், எங்கே, எப்போது என்பவையே எங்களுக்குக் கற்பித்த முதல் பாடம்.

சில ஆண்டுகளுக்குப் பின் நானே ஒன்றைக் கண்டேன். மழை விட்ட ஒரு முற்பகல், வழிகாட்டியாக வந்த இளைஞர் ஒற்றையடிப் பாதையில் திடீரென நின்று விரலை நீட்டினார். அவர் காட்டிய இடத்தையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றும் எனக்குச் சருகுதான் தெரிந்தது. பிறகு சருகில் ஒன்று கண்ணை உருட்டியது. கொம்பு, அரிசி மணியின் நீளந்தான் இருக்கும். அட்டைகள் காலில் ஏறியதைக்கூட நான் உணரவில்லை. நண்பர் படம் எடுத்தார். திரும்பி வரும் வழியில் அந்த இளைஞர் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டார்: இடத்தைப் போடவேண்டாம், ஐயா.

படம் ஞாயிறு இதழில் வந்தது. 'சப்ரகமுவ மாகாணத்துக் காடு ஒன்றில்' என்று படக்குறிப்பு எழுதியவன் நான்தான். மறுநாள் காலை பத்து மணிக்கு முன்பே தொலைபேசி ஒலித்தது. குரல் சற்றுத் தளர்ந்திருந்தது, ஆனால் அதே குரல்.

"தம்பி, இந்த முறை ஓணான் எண்டு சரியாப் போட்டிருக்கிறியள், சந்தோசம். ஆனால் எந்த இடம் எண்டு போடேல்லையே?"